குருதி அணுக்களின் பிடியும் விடுதலையும்



குருதி என்றவுடன் ஓட்டத்தையே நாம் நினைக்கிறோம். அது பிறக்கும் எலும்பு மச்சையிலோ ஒட்டுதலே முதன்மையானது. அங்கே இளம் அணுக்கள் தம்மைச் சூழ்ந்த தாங்கணுக்களைப் பற்றிக்கொண்டே வளர்கின்றன. அப்பிடிக்கு உதவும் புரதங்களே ஒட்டு மூலக்கூறுகள். இன்டெக்ரின் அவற்றுள் ஒரு குடும்பம். சிவப்பணு முதிர முதிர அப்பிடியை இழந்து குருதியோட்டத்தில் இறங்குகிறது. நொடிதோறும் நம் உடலில் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் இவ்வாறு புறப்படுகின்றன.

நிணவணுக்களின் போக்கு வேறு. அவை குருதியினின்று நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று மீண்டும் குருதிக்கே திரும்புகின்றன என்பதை 1959இல் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளைக் கொண்டு காட்டினார். கணுவின் நுண்குழாயில் செலக்டின் என்னும் புரதம் அணுவின் வேகத்தைத் தணிக்க, இன்டெக்ரின் இறுகப் பற்றி நிறுத்துகிறது.

நிணவணுப் புற்றும் இதே பிடியைக் கைக்கொண்டு கணுக்களில் தங்கிச் செழிக்கிறது. (கழுத்துக் கட்டி எல்லாம் புற்றன்று, நம் நாட்டில் காசநோயாலும் அது வரும். எதுவாயினும், மந்திரித்துக் கயிறு கட்டி நாளைப் போக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.)

நாள்பட்ட நிணவணுக் குருதிப் புற்றுக்கு 2014இல் அமெரிக்கா ஒப்புதலளித்த இப்ருட்டினிப் என்னும் மருந்து அப்பிடியைத் தளர்த்துகிறது. கட்டிகள் சுருங்குகின்றன, வெளியேறிய அணுக்களால் குருதிச் சோதனையில் எண்ணிக்கையோ முதலில் ஏறுகிறது. அவ்வேற்றம் மட்டும் நோய் முற்றியதற்குச் சான்றாகாது. அது கண்டு அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தினால், ஒளிவிடம் இழந்த பகை மீண்டும் கணுக்களுக்குள் குடியேற நாமே வழிவிட்டவராவோம்.