கான் சாகிபா, மருதநாயகமா?

வாலாஜாபாத் சகோதரர்களே, வணிகப் பெருமக்களே!

இந்த ஊரின் பெயர் ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர். 1764 அக்டோபரில் மதுரையில் அவர் தூக்கிலிடச் செய்த மாவீரர்தான் கான் சாகிப் யூசுப் கான். வெள்ளையர் ஏட்டில் அவர் கலகக்காரர். நாட்டுப்புறப் பாடகர்களோ ‘கான் சாகிபு சண்டை’ என்று கதைப்பாடலே கட்டினார்கள். 1997இல் கமல்ஹாசன் தொடங்கிய படத்தின் பெயர் ‘மருதநாயகம்’. இஸ்லாத்தைத் தழுவுமுன் அவருக்கு இருந்ததாகச் சொல்லப்படும் பெயர். தொடக்க விழாவுக்கு வந்தவரோ இங்கிலாந்து மகாராணி! வேடிக்கைதான். படம் பாதியில் நின்றது.

கலைஞன் எந்த வரலாற்றைப் படித்தானோ அதுவே திரைக்கு வரும். தூக்கிலிட்டவரும் முஸ்லிம், தொங்கியவரும் முஸ்லிம். இதை மதச்சண்டையாக்கினால் அது பொய். நம் இளைஞர்கள் எழுதாதவரை பிறர் எழுதியதுதான் படமாகும்.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. அந்தப் பக்கம் சரக்கெடுக்கப் போனால் பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.