கிணறு எங்கே இருக்கிறது?



கிணறு என்றவுடன் எங்களுக்குத் துலாவும் வாளியும்தான் ஞாபகம் வரும். நான் இன்று சொல்வது லங்காஷயரில் பிரெஸ்டன் நியூ ரோட்டில் வாயு எடுக்கத் துளைத்த கிணறுகள் பற்றி. இரண்டு கிலோமீற்றருக்கு மேல் இறங்கிப் பக்கவாட்டில் திரும்புபவை. தண்ணீரும் மணலும் அமுக்கத்தோடு செலுத்திப் பாறையைப் பிளந்தார்கள். 2019 ஓகஸ்ட் 26 அன்று 2.9 அளவில் நிலம் அதிர்ந்தது. நவம்பரில் அரசு இத்தொழிலை நிறுத்தியது.

வெடிப்பு எவ்வளவு தூரம் போகிறது, பழைய பிளவொன்றுக்குக் கிட்டப் போகிறதா என்பதை அறிய, பக்கத்துக் கிணற்றில் உணர்கருவிகளை இறக்கி நுண்ணதிர்வுகளைக் கேட்பார்கள். கருவி இருக்கும் இடமே பிழையென்றால்? நேர் என்று நினைத்த கிணறு மேலிருந்து கீழ்வரை 1 பாகை சாய்ந்திருந்தால், 2,000 மீற்றரில் 35 மீற்றர் விலகிவிடும். திசைகாட்டியை நம்பினால், காந்த வடக்கு வேறு, வரைபட வடக்கு வேறு. இரும்புக் குழாயும் அதைக் குழப்பும்.

கணக்காளன் எனக்குப் பயம் தந்தது இன்னொன்று. இடம் தெரிந்த ஒரு வெடியை வைத்து, பாறையில் அலை செல்லும் வேகத்தைச் சரிசெய்வார்கள். கிணற்றின் இடம் பிழையாக இருந்தால், அந்தப் பிழையை வேகம் விழுங்கிவிடும். பரீட்சை மீதி சமப்படும்; ஆரம்ப மீதி பிழையாகவே கிடக்கும். அப்படியான புத்தகங்கள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன!

கைரோ கருவியால் கிணற்றை அளந்தால் காந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதைப் பிளக்கத் தொடங்க முன்னரே செய்யவேண்டும்.