பிரேக் தேய்ந்த லாரியும் தேயாத லாபமும்

(கீழ்பென்னாத்தூரில் லாரி, மில், விவசாயத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலை நமது ஊரின் ஊடே போகிறது. அந்தச் சாலையில் லாரி ஓட்டுபவர் நாம். நெல் மூட்டையும் கரும்பும் ஏற்றி இறக்குபவர் நாம். சட்டத்துக்கு விரோதம் என்று தெரிந்தும், பஸ் கிடைக்காத வேளையில் அதே மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வீடு திரும்புபவரும் நாம்தான். ஆகவே பிரேக் என்பது முதலாளியின் விஷயம், ஆர்.டி.ஓ. ஆபீஸ் விஷயம் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது. அது நமது உயிர்ப் பிரச்னை.

எப்.சி.க்குப் போகிற வாரத்தில் நடப்பதை நாம் அறிவோம். லைனர் மாற்றுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், லாரி மாப்பிள்ளை போல் புறப்படுகிறது. எட்டு வயது தாண்டிய லாரிக்கு இந்தப் பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவை. அதற்கு இளைய லாரிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பரீட்சை ஒரு நாள். ஓட்டமோ வருஷம் பூராவும். அந்த மற்ற நாட்களில் பிரேக்கைச் சோதிக்கும் அதிகாரி யார்? நாம்தான்.

சோதிப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. முதலில் லாரியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட வேண்டும். டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டில் பார்வைத் துவாரம் இருந்தால் டார்ச் அடித்துப் பார்க்கலாம். இல்லையென்றால் டிரம்மைக் கழற்றத்தான் வேண்டும். லைனரைப் பிடித்திருக்கும் ரிவிட்டின் தலை உள்ளே புதைந்திருக்க வேண்டும். தலை மேலே வந்துவிட்டால் அது டிரம்மை அறுக்கும். கிறீச்சென்ற சத்தமும் டிரம்மில் விழும் கோடுகளும் அதற்குச் சாட்சி. அதுவரை காத்திருப்பதே தவறு. முதலாளித்துவ நாடான அமெரிக்காவிலேயே, ஏர் பிரேக் லாரியின் பின் சக்கர லைனர் நடுப்பகுதியில் கால் அங்குலத்துக்குக் குறைந்தால் வண்டி ஓடக் கூடாது என்று விதி இருக்கிறது. லைனர் தடிமனாக இருந்தாலும் ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தால் அதுவும் உதவாது. வழுக்குகிற லைனர் பிடிக்காது.

அட்ஜஸ்டரை இறுக்கினால் பெடல் சரியாகிவிடும். ஆனால் லைனர் வளர்ந்துவிடாது! தேய்மானத்தை அது மறைக்கிறது, அவ்வளவுதான். தானே இறுக்கிக் கொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள புதிய லாரிகளில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். கண்ணால் பார்க்காமல் காலை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது காற்று. டாங்க் நிறைந்ததும் என்ஜினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதித்தவுடன் முள் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு அது நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று பவுண்டுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், ஒரு டிரம் மட்டும் கொதிப்பதும், கருகிய வாடை வருவதும் லாரி நமக்குத் தரும் நோட்டீஸ்.

பாரம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதனால்தான் நம் பக்கத்துச் சமதரையில் பிழைத்துப் போகிற தேய்ந்த பிரேக், மலை இறக்கத்தில் கை விடுகிறது. வெளியூர் நடை போகிற டிரைவர்களுக்குத் தருமபுரி தாண்டியுள்ள தொப்பூர் கணவாயைத் தெரியும். 2020 டிசம்பரில் அங்கே சிமெண்ட் ஏற்றி இறங்கிய லாரி கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியது. உயிர்கள் பலியாயின.

இப்படி விபத்து நடந்தால் முதலில் விலங்கு யாருக்கு? டிரைவருக்கு! அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் பழைய சட்டத்தில் இரண்டு வருஷம் வரை சிறை. 2024 ஜூலை முதல் ஐந்து வருஷம் வரை. லைனர் வாங்கப் பணம் தராதவர் வீட்டில் இருக்கிறார். ஆனால் 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவைப் படியுங்கள். ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி என்கிறது அது. பழுதை அறிந்திருந்தாலும் குற்றம். சாதாரணக் கவனத்தில் அறிந்திருக்கக் கூடுமானாலும் குற்றம். முதலாளியையும் கூண்டில் ஏற்றக்கூடிய பிரிவு இது.

அதற்குச் சாட்சியம் வேண்டும். ஆகவே, பிரேக் பழுதை வாயால் சொல்லி விடாமல் தேதி போட்டு எழுதிக் கொடுப்போம். நகல் ஒன்றை நாம் வைத்துக் கொள்வோம். தேய்ந்த லைனரைப் போனில் படம் எடுத்து வைப்போம்.

நமது குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "இந்த நடை போய் வந்துவிட்டுப் பார்த்துக் கொள்ளலாம்" என்று நாமும்தான் சொல்கிறோம். நடை போனால்தான் படி. மறுத்தால் "நாளையிலிருந்து வராதே" என்கிற பதில். இது கோழைத்தனம் அல்ல, வயிறு. அதனால்தான் ஒரு டிரைவரின் தலையில் இந்தப் பாரத்தைச் சுமத்தக் கூடாது. டிரைவர் ஓட்ட மறுத்தால், அந்த லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் ஏற்ற மறுக்க வேண்டும். மில்லில் வேலை செய்பவர் துணை நிற்க வேண்டும். அதன் மேல் கூலி ஜனங்கள் ஏறக் கூடாது. இன்னொரு டிரைவர் அந்தச் சாவியை வாங்கக் கூடாது.

இது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். 2024 ஜனவரியில், விபத்துக்குப் பின் தகவல் தராமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து, நாட்டின் பல பகுதிகளில் டிரைவர்கள் சக்கரத்தை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவைச் சர்க்கார் அமலுக்குக் கொண்டு வராமல் நிறுத்தி வைத்தது. சேர்ந்து நின்ற கைகளுக்கு அந்தப் பலம் உண்டு.

தோழர்களே! ஒரு செட் லைனர் பணம் கொடுத்தால் கடையில் கிடைக்கும். ஓர் உயிர் எந்தக் கடையிலும் கிடைக்காது. நாளைக் காலை வண்டி கிளம்புமுன் கட்டை கொடுத்து, குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் நாம் எல்லோரும் நிற்போம்!