ஹீலாவே: ஓர் இசைத்தட்டின் பெருமை

(மன்றக் கூட்டமொன்றில் இசைத்தட்டை ஒலிக்கச் செய்து ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அளவிற் சிறியது. ஏறக்குறைய மூன்று நிமிடம் ஒலிக்கும் ஒரு பாட்டு. 1946-47ஆம் ஆண்டுக் காலத்தில் ஹவாய்த் தீவிலே வெளிவந்த ஓர் இசைத்தட்டு. பாட்டின் பெயர் ‘ஹீலாவே’. பாடிக் கிற்றார் வாசித்தவர் கேபி பஹினுயி. ‘தளர்தந்திக் கிற்றார்’ எனப்படும் ஹவாய் நாட்டார் வாத்திய முறை இசைத்தட்டிலே முதன்முதல் ஏறியது இதன் மூலமே என்பது அவ்விசையின் வரலாற்றை எழுதியோர் பொதுவாக ஏற்கும் கருத்து. அதனைச் சுவைப்பது எவ்வாறு, அது செய்த பணி யாது என்பவற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

‘ஹவாயன் கிற்றார்’ என்ற பெயர் நம்மவர் காதுக்குப் புதியதன்று. கிற்றாரை மடிமேற் கிடத்தி, உருக்குத் துண்டொன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. யோசப் கெகுக்கு என்ற ஹவாய் இளைஞர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை உருவாக்கினார் என்பர். 1940களில் டாவ் மோ என்ற கலைஞர் கல்கத்தாவில் தங்கி அதனை வாசித்து வந்தார். பின்னர் இந்தித் திரைப்பாடல்களிலும் ஹிந்துஸ்தானி மேடையிலும் அது இடம்பிடித்தது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய நமக்கு அவ்வழுக்கொலி அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் நாம் இன்று கேட்ட முறை வேறு. அது உருக்குத் துண்டை வேண்டாதது, கிற்றாரை வழக்கம்போல் அணைத்து விரல்களாலேயே மீட்டுவது, வயதிலும் மூத்தது.

அதன் கதை மாட்டு மந்தையிலே தொடங்குகின்றது. 1793ஆம் ஆண்டில் கப்பற்தலைவர் வான்கூவர் ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்குச் சில மாடுகளைக் கையுறையாக அளித்தார். மன்னர் அவற்றைக் கொல்லலாகாது என்று தடைவிதித்தார். மாடுகள் பெருகி, காடும் மேடும் திரிந்து பயிரை அழிக்கலாயின. 1830களில் மூன்றாம் கமேஹமேஹா, கலிபோர்னியாவிலிருந்து மெக்சிக்கோ நாட்டு மாட்டுக்காரர்களை வரவழைத்தார். குதிரைமேலிருந்து மாடுகளை மடக்கும் வித்தையை அவர்கள் தீவாருக்குக் கற்பித்தனர். பகலில் மந்தையோடு உழைத்தவர்கள் இரவில் கிற்றார் மீட்டினர். அவர்களுட் பலர் ஊர் திரும்பினர்; கிற்றார்கள் தங்கிவிட்டன.

வந்த வாத்தியத்தைத் தீவார் வந்தபடியே வைத்துக்கொள்ளவில்லை. ஆறு தந்திகளுட் சிலவற்றின் பிரடையைத் தளர்த்தித் தங்கள் குரலுக்கேற்பச் சுருதி கூட்டினர். இவ்வாறு கூட்டிய கிற்றாரிலே இடக்கை விரலொன்றும் படாமலே தந்திகளை ஒருசேர வருடினால் இனிய சுரக்கூட்டொன்று எழும். ‘கீ ஹோஆலு’ என்பது இம்முறைக்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயர். தளர்த்திய சுருதி என்று நாம் கொள்ளலாம். வலக்கைப் பெருவிரல் தடித்த தந்திகளில் மாறாத நடையைத் தந்துகொண்டிருக்க, ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளிற் பாட்டை இசைக்கும். பக்கவாத்தியமும் பாட்டும் ஒரே கையிலிருந்து பிறக்கின்றன என்றால் மிகையாகாது.

சுருதிக் கூட்டு ஒன்றல்ல; பல. குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டது. அவற்றை அவரவர் மறைவாகவே காத்தனர். வாசித்து முடிந்ததும், பிறர் எடுத்துப் பார்த்துக் கண்டுகொள்ளாதபடி, தந்திகளை முற்றாகத் தளர்த்திவிட்டுக் கிற்றாரை வைப்பவரும் இருந்தனர் என்று சொல்லுவர். தந்தை மகனுக்குக் காட்டுவார், அயலானுக்குக் காட்டமாட்டார். மகனுக்கு விருப்பமில்லையேல் வித்தை தந்தையோடு மறையும்.

இந்நிலையில் நாட்டுக்குக் கேடுகாலம் வந்தது. 1893ஆம் ஆண்டில் அரசி லிலியுஒகலானி அரியணையினின்றும் இறக்கப்பட்டார். 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தைப் பள்ளிகளின் போதனாமொழியாக்கியது. 1898ஆம் ஆண்டில் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. தாய்மொழி பேசிய பிள்ளைகள் பள்ளியிலே தண்டிக்கப்பட்டனர். மொழி வீட்டுக்குள் ஒதுங்கியது; பின்னர் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே தங்கியது.

இசை ஒழியவில்லை, உரு மாறியது. 1915ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங் கண்காட்சியின்பின் ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆயின் பரவியது பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களிற் புனைந்த உல்லாசப் பாட்டே. 1935 முதல் 1975 வரை வைக்கீக்கிக் கடற்கரை விடுதியிலிருந்து ‘ஹவாய் கால்ஸ்’ என்ற வானொலி நிகழ்ச்சி உலகெங்கும் ஒலித்தது. அதிலும் திறமையான பாடகர்கள் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் உல்லாசப் பயணி விரும்பிய ஹவாய் வேறு; வீட்டின் பின்புறத்தில் உறவினர் கூடியிருந்து பாடிய ஹவாய் வேறு. தளர்தந்திக் கிற்றார் பின்னதிலேதான் உயிர்த்திருந்தது.

அந்தப் பின்புறத்திலிருந்து வந்தவரே கேபி பஹினுயி. 1921ஆம் ஆண்டிற் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, சிறுவனாகவே பத்திரிகை விற்றும் பாதணி துடைத்தும் பிழைத்தவர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். மதுச்சாலைகளில் வாசித்தே கைதேர்ந்தவர். உருக்குக் கிற்றாரிலும் வல்லவர். புகழ் வந்த பின்பும் ஹொனலூலு நகராட்சியின் வீதித் திருத்தப் பகுதியிற் கூலி உழைப்பாளியாக வேலை செய்தவர். தளர்தந்தி முறையைத் தமக்குக் காட்டிய ஹேர்மன் கெயாவே என்பவரையே தலைசிறந்த கலைஞர் என்று அவர் வாழ்நாள் முழுதும் போற்றினார்.

இனி இசைத்தட்டுக்கு வருவோம். முதலிற் கேட்கவேண்டியது பெருவிரலை. பாடுபவர் எங்கே நீட்டினாலும் குறுக்கினாலும் அப்பெருவிரல் நடை தளம்புவதில்லை. அதன்மேல் மெல்லிய தந்திகள் பேசுகின்றன. ஒரு கண்ணி முடிந்து மறு கண்ணி தொடங்குமுன் சிறியதோர் இசைத்துண்டு வரும். பாடுபவருக்கு மூச்சு, ஆடுபவருக்கு அடிமாற்றம், கேட்பவருக்கு நினைத்துப் பார்க்க நேரம். ஹூலா என்ற ஆடலுக்குரிய பாட்டு ஆதலால் இக்கட்டுக்கோப்பு அமைந்தது. ஈரடிக் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மெட்டில் வரும். மெட்டு மாறாது, அதற்குள் நடக்கும் நுண்ணிய மாறுதலே கலை.

அடுத்துக் குரல். பஹினுயியின் குரல் நெஞ்சிலிருந்து கிளம்பி, மேற்தாயிக்குப் போகும்போது பொய்க்குரலாக உடைந்து ஏறுகின்றது. நம்முடைய சங்கீத மேடையில் ‘கள்ளக்குரல்’ என்று ஒதுக்குவதை அவர்கள் ஓர் அணியாகவே போற்றுகின்றார்கள். ஒரு குரல் மற்றொன்றாக மாறும் அந்த இடத்தை மறைக்காமல் கேட்கச் செய்வதே அங்கு அழகு. நம் அளவுகோலை ஒரு மூன்று நிமிடம் கீழே வைத்துவிட்டுக் கேட்டால் அவ்வழகு நமக்கும் புலனாகும்.

மூன்றாவது சொல். ஹீலாவே என்பது ஒரு நீர்வீழ்ச்சி. ஹவாய்ப் பெருந்தீவின் வடகரையிலே வைப்பியோ என்ற ஆழ்ந்த பள்ளத்தாக்கில், ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுவது. கீழே சேம்பு விளையும் நீர்க்கழனிகள். பாட்டிலே ஒருத்தி பேசுகின்றாள். எல்லார் கண்ணும் ஹீலாவேயின் மேல் இருக்கின்றன என்கிறாள். வைப்பியோ எங்கும் பறவைகள் ஓயாமற் கூவுகின்றன, நான் அவற்றுக்கு அகப்படேன் என்கிறாள். தன்னை மலைமேற் பனிமூட்டம் என்கிறாள். பெற்றோருக்குச் செல்வமகள், பாட்டன் பாட்டியின் கழுத்து மாலை என்கிறாள். பூனாவிலிருந்து ஒரு நறுமணம் வந்து அருவியருகே தங்கியது என்றும் சொல்லப்படுகிறது. இந்தியாவிலுள்ள பூனா அன்று இது. அதே தீவின் மற்றொரு பகுதி.

மேலோட்டமாகப் பார்த்தால் அருவியும் பறவையும் பனியும் மணமும் கலந்த இயற்கை வருணனை. ஆனால் அந்நாட்டார் அப்படிக் கேட்பதில்லை. பாட்டின் வெளிப்பொருளுக்கு உள்ளே மறைந்து நிற்கும் பொருளை ‘கவோனா’ என்று அவர்கள் அழைப்பர். பூனாவிலிருந்து வந்த மணம் ஒரு காதற் கதைக்குரியது. ஓயாமற் கூவும் பறவைகள் அக்காதலைத் தூற்றும் ஊர்வாய்கள். இதனைக் கேட்டதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் ‘அலர்’ என்ற சொல்லும் ‘உள்ளுறை’ என்ற சொல்லும் தாமாகவே எழும். ஆகவே அவர்கள் நம் வழியினர் என்றோ, நாம் அவர்கள் வழியினர் என்றோ நிறுவ நாம் முற்படவில்லை. சிற்றூரிலே காதலித்தவர்க்கு ஊர்ப்பேச்சு எங்கும் ஒன்றே. அதைப் பாடும்போது அயலிலுள்ள பறவையையும் நீரையும் துணைக்கழைப்பதும் இயல்பே. சங்கப் பாடல் பயின்ற செவிக்கு இந்தப் பாட்டு விரைவிலே வசப்படும் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

அன்பர்களே, இவ்விடத்தில் ஒரு செய்தியை எண்ணிப் பார்க்கவேண்டும். 1946ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாம் நாள் பெரும் ஆழிப்பேரலை ஹவாய்த் தீவுகளைத் தாக்கியது. தீவுகளெங்கும் 159 பேர் மாண்டனர். வைப்பியோப் பள்ளத்தாக்கின் வீடுகளும் கழனிகளும் சிதைந்தன. குடிகளிற் பலர் மேட்டு நிலத்துக்குப் போய்விட்டனர். 2004ஆம் ஆண்டு மார்கழியைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாட்டு எந்த ஊரைப் பாடியதோ அந்த ஊர் வெறுமையாகிக்கொண்டிருந்த நாட்களிலேயே பாட்டு தட்டிலே ஏறியது. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆயினும் அறிந்து கேட்பவருக்கு அருவியின் பெயர் வேறொரு கனத்தோடு விழுகின்றது.

இந்த இசைத்தட்டு செய்த பணி யாது? குடும்பங்களுக்குள் மறைந்திருந்த கைவழி பொதுவிடத்துக்கு வந்தது. ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டு, பிரடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எவரும் அதனைக் கண்டுகொள்ளக்கூடிய நிலை உண்டாயிற்று. ஓர் இசைத்தட்டே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்பது மிகை. ஆனால் கதவு திறந்தது இங்கேதான். 1973ஆம் ஆண்டில் கியோலா பீமர் இம்முறையைக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். 1994ஆம் ஆண்டு முதல் ஜோர்ஜ் வின்ஸ்டன் வெளியிட்ட இசைத்தட்டு வரிசையிலே, எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதிக் கூட்டு என்பது உடன்வரும் குறிப்பிலேயே அச்சாகியது. ஒருகாலத்தில் தந்தியைத் தளர்த்தி மறைத்த இரகசியம் அது!

மறைத்தவர்களைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. நாடும் நிலமும் மொழியும் பறிபோன மக்களுக்குப் பறிக்கமுடியாத உடைமையாக எஞ்சியது அந்த வித்தை ஒன்றே. அதனைப் பொத்திவைத்ததில் நியாயமுண்டு. எனினும் பொத்திவைத்த கை தளரும் நாளில் அதனை வாங்கிக்கொள்ள இன்னொரு கை வேண்டும்.

இன்னுமொன்றும் உண்டு. தட்டு ஒலியைக் காத்தது. பொருளை அதனாற் காக்க இயலவில்லை. பறவை யார், மணம் யார் என்பதை எந்த ஊசியும் சொல்லாது. அதற்கு மனிதர் தேவைப்பட்டனர். 1960ஆம் ஆண்டளவில் பஹினுயியோடு சேர்ந்து ‘சன்ஸ் ஒவ் ஹவாய்’ என்ற குழுவை அமைத்தவர் எடி கமாயே. அதுவரை ஜாஸ் இசையும் மேனாட்டுச் செவ்விசையும் உக்குலேலேயில் வாசித்து வந்த அவர், பஹினுயியின் வாசிப்பைக் கேட்டே சொந்த நாட்டுப் பாட்டின்பால் திரும்பினார். 1957ஆம் ஆண்டு வெளிவந்த ஹவாய் மொழி அகராதியின் ஆசிரியருள் ஒருவரான மேரி கவேனா புக்குயி அம்மையாரிடம் சென்று சொற்பொருள் கேட்டார். வைப்பியோவுக்கே போய், 1975ஆம் ஆண்டு வரை வாழ்ந்த முதுபெரும் பாவலர் சாம் லியாவிடம் பாட்டும் அதன் வரலாறும் கேட்டுக்கொண்டார். 2017ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் செய்தது இப்பணியே.

1970களில் ஹவாய் இளைஞர் தம் இசையையும் ஆடலையும் மொழியையும் மீண்டும் தேடத் தொடங்கியபோது, பஹினுயி அவர்களுக்கு மூத்த தந்தையாக விளங்கினார். 1978ஆம் ஆண்டில் ஹவாய் மொழி, ஆங்கிலத்தோடு சேர்த்து அம்மாநிலத்தின் ஆட்சிமொழியாயிற்று. 1984ஆம் ஆண்டில் அம்மொழியிலேயே பயிற்றும் முதற் பாலர் பள்ளி திறக்கப்பட்டது. பஹினுயி 1980ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மக்கள் சிரிலும் பிளாவும் தந்தையின் வழியைத் தொடர்ந்தனர். அவரோ ஹீலாவேயைப் பின்னரும் பதிவுசெய்திருக்கின்றார். முதற் பதிவை அவர் தாமே பூசித்து நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

இளைஞர்களே, ஒரு செல்வத்தைக் கட்டிக்காப்பதும் பூட்டிவைப்பதும் ஒன்றல்ல. பூட்டியதைத் திறக்க ஒருவர் துணியவேண்டும். அதன் பொருளைக் கேட்டறிய வேறொருவர் முதியோரின் திண்ணைக்கு நடக்கவேண்டும். முன்னதை வீதி திருத்திய ஓர் உழைப்பாளி செய்தார். பின்னதை அவருடைய தோழர் செய்தார். இன்று பதிவுக்கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. பாடத் தெரிந்த முதியவரும் அநேகமாக ஒவ்வொருவர் வீட்டிலும் உளர். பதிவதோடு நிற்காது, ‘இந்தப் பறவை யார்?’ என்று கேட்கவும் வேண்டும். கேட்க வேண்டிய காலம் அவர்கள் இருக்கும் காலமே.

இசைத்தட்டை இப்போது மீண்டும் ஒருமுறை ஒலிக்கச் செய்வோம். பெருவிரலைக் கேளுங்கள், குரல் உடையும் இடத்தைக் கேளுங்கள், பறவைகளையும் மறவாதீர்கள்.