ஒரு விளக்கில் தொடங்குங்கள்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் தாடிக்கார முகம் வாயைத் திறக்கும். இரண்டு ஆட்டுக்கிடாக்கள் வந்து அதன் கன்னங்களில் முட்டும். 19ஆம் நூற்றாண்டின் தானியங்கி அது!

இன்று வீட்டு விளக்கும் விசிறியும் தானாக இயங்க ஆசையா? முதலில் வாசல் விளக்கு ஒன்றுக்கு மட்டும் ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்திப் பாருங்கள். சுவிட்சுப் பெட்டியில் நியூட்ரல் கம்பி வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இடிமழையில் இணையம் போனாலும் கருவி இயங்குமா, சுவர் சுவிட்சும் வேலை செய்யுமா என்று கடையில் கேளுங்கள்.

இக்கருவிகளை இயக்கும் மென்பொருள்களில், 2013இல் தோன்றிய ‘ஹோம் அசிஸ்டென்ட்’ இலவசம். பல நிறுவனக் கருவிகளை வீட்டுக்குள் ஒரே சிறு கணினியில் இணைத்துவிடும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் அந்த விளக்கு பழகட்டும். அடுத்ததை அப்புறம் வாங்கலாம்.