மாதரும் எலும்புப்புரை நோயும்

(சங்க மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மூதாட்டிகள் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாவதைக் கண்டு, விதியென்று சொல்லி அமைகின்றோம். அது விதியன்று, பெரும்பாலும் எலும்புப்புரை என்னும் வியாதியின் பயனாம். எலும்பு முறியுமட்டும் இந்நோய் பெரும்பாலும் யாதொரு குறியும் காட்டாது. 30 வயதளவில் எலும்பு தன் முழு வன்மையை அடைகின்றது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால், ஸ்திரீகளுக்கு அவ்வன்மை விரைவாய் க்ஷீணிக்கின்றது. ஆகவே இளமையிற் சேர்த்ததே முதுமைக்கு முதலாம்.

நிற்க. நம் இல்லங்களில் நடப்பதென்ன? பாலும் தயிரும் முதலில் ஆண்மக்களுக்கு, மிஞ்சியதே பெண்மக்களுக்கு. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-ம் ஆண்டில் வகுத்தபடி, வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிலக்கு நின்றோருக்கு 1200. நம் கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. வெயிலும் நடையும் இன்றியமையாதன.

அற்ப வீழ்ச்சியால் எலும்பு முறிந்தவரும், 65 வயது கடந்த மாதரும், டெக்ஸா என்னும் பரிசோதனையால் எலும்பின் அடர்த்தியை அறிந்து வைத்தியர் சொற்படி நடப்பாராக. மருந்துகளும் உள.

இன்றிரவே பெண்மக்களையும் பந்தியில் உடனமர்த்தி, சமமாய்ப் பரிமாறுமாறு வேண்டி அமைகின்றேன்.