உப்பளத்தில் உழைக்கும் பெண்கள்



சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்கு மரக்காணம் உப்பளங்கள் நன்றாகத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால், விடிவதற்கு முன்பே அங்கே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பாத்தியில் விளைந்த உப்பை நீண்ட கழி பூட்டிய பலகையால் வாரி, வரப்பில் குவிப்பார்கள். நீர் வடிந்ததும் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, வழுக்கும் வரப்பில் நடந்து, அம்பாரத்தில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். உப்புநீர் காலை அரிக்கும். வெண்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும்.

வாருவது ஆண் வேலை, சுமப்பது பெண் வேலை என்று பிரித்துவிட்டு, சுமப்பவருக்குக் கூலியைக் குறைப்பது நம் நாட்டு உப்பளங்களில் நெடுநாள் வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா 1958இல் அதை ஏற்றது; 1976இல் சம ஊதியச் சட்டமும் வந்தது.

மழைக்காலத்தில் உப்பு விளையாது; கூலியும் கிடையாது. அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நிவாரணம் கூலிக்கு ஈடாகாது.

பெண்ணின் தலைச்சுமைக்கும் முழுக்கூலி கொடுப்பதுதான் நியாயம். அதைக் கேட்கும் பொறுப்பு, உப்பிட்டு உண்ணும் நம் எல்லோருக்கும் உண்டு.